பெரியப்பாவின் புறங்கையும் 106 புது ரயில்களும்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பேசவில்லை. சிங்கப்பூரில் இயோ சூ காங் ரயில் நிலையத்தின் மேடையில் இருக்கிறேன். மேலே பெரிய மின்விசிறி, கீழே பேருந்து நிலையம், நடுவில் அடிக்கடி அறிவிப்பு. சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புது ரயில்கள் வரும் வரைக்கும் பழைய ரயில்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். அதை இங்கிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

ஏன் இங்கே? 1987 நவம்பர் 7ஆம் தேதி நம்முடைய பெருவிரைவு ரயில் சேவை இங்கிருந்துதான் தொடங்கியது. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை வெறும் 6 கிலோமீட்டர், ஐந்தே நிலையங்கள். அந்த முதல் வாரத்தில் என் பெரியப்பா பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து இதில் ஏறியிருக்கிறார். பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாராம். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு குளுகுளு என்று இருந்ததாம் பெட்டி. அப்புறம் சில வருடத்தில் பெரியப்பா டிப்போ வேலைக்கே போய்விட்டார், அதாவது ரயில் பணிமனைக்கு. இரவு ஷிப்ட், ரயிலுக்கு அடியில் வேலை. இருபது வருடத்துக்கும் மேல்.

ஆ, ஒன்று வருகிறது. கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இதுதான் ஆர்151, புது ரயில். ஜன்னல் பெரிதாக இருக்கிறது, தெரிகிறதா? சில இடங்களில் இருக்கையை மடக்கிக்கொள்ளலாம். தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் நல்ல வசதி. சரி, போகட்டும், அடுத்ததில் ஏறிக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கைக் கேளுங்கள். 80களில் ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறை ரயில்கள் 66. கவாசாக்கி தலைமையில் செய்தவை. 90களின் நடுவில் சீமென்ஸ் ரயில்கள் 19. 2000ஆம் ஆண்டை ஒட்டி மறுபடியும் ஜப்பானிலிருந்து 21. மொத்தம் 106. புதிதாக வாங்கும் ஆர்151 ரயில்களும் 106தான். ஒன்றுக்கு ஒன்று. ரயிலுக்கு ஆறு பெட்டி என்றால் 636 பெட்டிகள். இதனால் ரயில் எண்ணிக்கை கூடப்போவதில்லை. வயதானது போய், அதன் இடத்தில் புதிது வருகிறது, அவ்வளவுதான்.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. 2018இல் நிலப் போக்குவரத்து ஆணையம் முதல் 66 ரயில்களுக்கு பொம்பார்டியர் நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டது. ஏறக்குறைய 1.2 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. 2020இல் இன்னும் 40 சேர்த்தார்கள். 2021இல் அந்த நிறுவனத்தின் ரயில் பிரிவு அல்ஸ்டாம் கைக்குப் போனது. நடுவில் கோவிட் வந்தது. ஆலை, கப்பல், சோதனை எல்லாமே தள்ளிப்போனது. முதல் ஆர்151 பயணிகளை ஏற்றியது 2023 ஜூன் 4ஆம் தேதி.

2018இலிருந்து 2023 வரை ஐந்து வருடம். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாகத்தான் வர வேண்டும். புது ரயில் வந்து இறங்கினவுடன் பாதையில் விட முடியாது. கடைசி ரயில் போய் முதல் ரயில் கிளம்புவதற்குள் கிடைக்கிற மூன்று, மூன்றரை மணி நேரத்தில்தான் பாதையில் ஓட்டிப் பார்க்க முடியும். அந்த நேரத்துக்குத் தண்டவாள வேலைக்காரர்களும் காத்துக்கொண்டிருப்பார்கள். அதுவரைக்கும் நம்மை வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டு போனது யார்? பழைய ரயில்தான். முப்பது, முப்பத்தைந்து வயதான ரயில்.

நான் இன்றைக்குப் பேச வந்தது இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பற்றித்தான். புது ரயிலின் அழகைப் பற்றி நிறைய வீடியோக்கள் வந்துவிட்டன. போகப்போகிற ரயிலை யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு.

பெரியப்பா ஒரு விஷயம் சொல்வார். டிப்போவுக்குள் ரயில் வந்து நின்று, மின்சாரம் துண்டித்தாகிவிட்டது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாக நடந்து போவாராம். மின்சாரம் துண்டிப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் ரயிலுக்கு 750 வோல்ட் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஒரு இரும்புக் கூடு இருக்கும். ஆக்சில் பாக்ஸ் என்று சொல்வார்கள். அதற்குள் பேரிங், அதாவது அச்சு உரசாமல் சுழல வைக்கிற உருளைகள். பேரிங்குக்குள் கிரீஸ். ரயிலின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அந்தக் கூட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாராம். ஏன் பெரியப்பா உள்ளங்கையை வைக்கவில்லை என்று கேட்டேன். "உள்ளங்கை காய்ப்பு ஏறினது, அதுக்குச் சூடு தெரியாதும்மா. புறங்கைத் தோல் மெல்லிசு, பொய் சொல்லாது" என்றார். ஒரு பெட்டியில் இருக்கிற எட்டு கூட்டில் ஏழு வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், கிரீஸ் போய்விட்டது, பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். உடனே எழுதி வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிடுவாராம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போகி என்றால் தமிழ்நாட்டில் நம் உறவினர்கள் ரயில் பெட்டியையே சொல்வார்கள். டிப்போவில் போகி என்றால் பெட்டிக்கு அடியில் இருக்கிற சக்கரத் தொகுதி. பெட்டிக்கு இரண்டு. பெரியப்பா போகி போகி என்று சொல்லும்போது சின்ன வயதில் நான் பொங்கலுக்கு முந்தின நாள் என்று நினைத்திருக்கிறேன்.

சரி. 2024 செப்டம்பர் 25, புதன்கிழமை. எல்லாருக்கும் நினைவிருக்கும். கிழக்கு மேற்குப் பாதையில் ஒரு முதல் தலைமுறை ரயில், 35 வருடத்துக்கு மேல் ஓடினது. கோளாறு என்று பயணிகளை இறக்கிவிட்டு உலு பாண்டான் டிப்போவுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் டோவர் அருகே ஆக்சில் பாக்ஸ் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கி, ரயில் அப்படியே ஓடியிருக்கிறது. இரண்டரை கிலோமீட்டருக்குப் பாதை சேதம். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தண்டவாளம் உடைந்தது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே செப்டம்பர் 30 வரை ரயில் இல்லை, அக்டோபர் 1ஆம் தேதிதான் மறுபடியும் ஓடியது. யாருக்கும் காயம் இல்லை. அதற்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

2025 ஜூனில் விசாரணை அறிக்கை வந்தது. அதில் என் மனதை விட்டுப் போகாத விஷயங்கள் இரண்டு.

அந்தப் பழைய ரயில்களின் சக்கரத் தொகுதியை முன்பெல்லாம் 5 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். புது ரயில் வரப்போகிறது என்று அந்த இடைவெளியைப் படிப்படியாக 7.5 லட்சம் வரை நீட்டியிருக்கிறார்கள். புது ரயில் தாமதமானது. பழையது ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே கிரீஸ் கெட்டுப்போய், பேரிங் சூடாகி, கடைசியில் கூடே விழுந்துவிட்டது.

இன்னொன்று இதைவிட வேதனை. பாதை ஓரத்தில் ஆக்சில் பாக்ஸின் சூட்டை அளக்கிற கருவி இருந்தது. அது அன்றைக்கு 100 டிகிரிக்கு மேல் காட்டியிருக்கிறது. ஆனால் எந்த ரயில் என்ற எண் சரியாகப் பதிவாகவில்லை. அதனால் அது தவறான அளவு என்று நினைத்துவிட்டார்கள். இதைப் படித்துக் காட்டியபோது பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. தன் புறங்கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரைப் போன்றவர்கள் மேல் நான் பழி போடவில்லை. இரவில் அந்தக் குழிக்குள் இறங்குகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்கள் கையின் எண்ணெய் வாசம் எங்கள் வீட்டுச் சோபாவிலேயே இருந்தது. நான் கேட்பது முடிவு எடுக்கிற இடத்தை. விடைபெறப் போகிற ரயிலுக்குச் செலவு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. வீடு மாறப்போகிறோம் என்றால் பழைய வீட்டுக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் கேஸ் குழாய் கசிந்தால் சும்மா இருப்போமா? பெயிண்டை விட்டுவிடலாம், இருக்கை உறையை விட்டுவிடலாம். சக்கரம், பிரேக், பேரிங் மூன்றிலும் கடைசி நாள் வரைக்கும் பராமரிப்பைக் குறைக்கக் கூடாது. வயதாக ஆக சரிபார்க்கிற இடைவெளி குறைய வேண்டும், கூடக் கூடாது. புது ரயில் ஒரு வருடம் தள்ளிப்போனால் பழைய ரயிலுக்கு அந்த ஒரு வருடத்துப் பராமரிப்பு எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தம் போடும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.

வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு இரண்டு பாதைகளிலும் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மரக் கட்டைகளை எடுத்துக் கான்கிரீட் போட்டார்கள், மூன்றாவது தண்டவாளத்தை மாற்றினார்கள், சமிக்ஞை முறையை மாற்றினார்கள், மின் விநியோகத்தையும் மாற்றுகிற வேலையில் இறங்கினார்கள். இதெல்லாம் பெரிய சாதனை, நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ரயில்களை மாற்றுவதும் அந்த வரிசையில் ஒன்று.

புது ரயில் தன் பாகங்களைத் தானே கண்காணித்துத் தகவல் அனுப்புகிறது. சில ரயில்கள் ஓடிக்கொண்டே தண்டவாளத்தையும் சோதிக்கின்றன. பெரியப்பாவுக்கு இதில் ரொம்ப சந்தோஷம். போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் இங்கிருந்து தோ பாயோ வரை ஆர்151இல் போனோம். அதே ஐந்து நிலையங்கள். அவர் எப்போதும் பெட்டியின் ஓரத்தில், சக்கரத்துக்கு நேர் மேலேதான் உட்காருவார். செருப்புக் காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டார். பீஷான் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது கண்ணை மூடினார். பிரேடல் வந்ததும் திறந்தார். "பேரிங் நல்லா இருக்கு. அந்தத் தகவலை ராத்திரியில யார் பாக்குறாங்க, எத்தனை பேர் பாக்குறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

டிப்போவிலோ கட்டுப்பாட்டு அறையிலோ வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பெயர் போட வேண்டாம், அவர் கேள்விக்கு மட்டும் கீழே பதில் எழுதுங்கள். அவரிடம் படித்துக் காட்டுகிறேன். அடுத்த ரயில் வந்துவிட்டது, இதுவும் புதிதுதான். ஏறுகிறேன். வணக்கம்.