அவிழ்த்துவிட்ட மாடு எந்தப் பள்ளியில் மேய்கிறது?

நடுவர் அவர்களே, வணக்கம். பிள்ளையின் விருப்பத்துக்கு விடும் பள்ளிக்கூடம் பிள்ளையை வளர்க்குமா, கெடுக்குமா என்பது தலைப்பு. கெடுக்கும் என்று பேசிய ஹட்டன் அக்கா, அப்படிப் படிக்கும் பிள்ளையை மூன்று தடவை "அவிழ்த்துவிட்ட மாடு" என்றார், நானும் கைதட்டினேன். ஆனால் அந்த மாடு எந்தப் பள்ளிக்கூடத்தில் மேய்கிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

இங்கிலாந்தில் சம்மர்ஹில் என்று ஒரு பள்ளி, ஏ. எஸ். நீல் என்ற ஆசிரியர் 1921இல் தொடங்கியது. பாடத்துக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் இஷ்டம், அது உண்மை. ஆனால் எத்தனை மணிக்குப் படுப்பது, விதியை மீறினால் என்ன அபராதம் என்பதெல்லாம் பள்ளிக் கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவாகும். ஆசிரியருக்கும் ஒரு வாக்கு, ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு. (நமக்கு மாணவத் தலைவரையே அதிபர்தான் பார்த்துப் போடுகிறார்.) 1999இல் அரசாங்கப் பரிசோதகர்கள் வந்து குறை எழுத, அரசு நெருக்க, பள்ளி மேன்முறையீட்டுக்குப் போனது. 2000 மார்ச்சில் அரசு தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தபோது, ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் அந்த லண்டன் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டு, வாக்கெடுத்து, அப்புறம்தான் சம்மதித்தார்கள். அக்கா, இதுவா கட்டுப்பாடு இல்லாத பிள்ளைகள்?

அடுத்தது, இப்படிப்பட்ட பள்ளியெல்லாம் பணக்காரன் வீட்டு விளையாட்டு என்கிறது எதிரணி. சம்மர்ஹில்லில் கட்டணம் உண்டு, நம் தேயிலைத் தோட்டச் சம்பளத்தில் நினைத்தும் பார்க்க முடியாது, சரி. ஆனால் பிள்ளையின் விருப்பத்துக்கு விடும் இன்னொரு முறையைத் தந்த இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி 1907இல் முதல் பள்ளியைத் தொடங்கியது ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி, படிக்கட்டைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடச் சொந்தக்காரர்கள் ஒதுக்கிக் கொடுத்த அறை அது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போக, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்? அங்கே ஆசிரியை சும்மா இருக்கவும் இல்லை. சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவித் தடவிப் படிக்கும். எதை எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது பிள்ளை பாடு. எதைத் தட்டில் எடுத்து வைப்பது, எப்போது வாய் திறக்காமல் இருப்பது என்பது ஆசிரியை பாடு, அதுதான் கஷ்டமான வேலை.

இப்படிப் படித்தால் பரீட்சைக்கு என்ன வழி என்றார் எதிரணித் தம்பி. சம்மர்ஹில்லில் விரும்பிய பிள்ளை அந்த நாட்டுப் பொதுப் பரீட்சையை எழுதுகிறது. நம் வீட்டில் தரம் ஐந்துப் பிள்ளை பாடசாலை விட்டதும் டியூஷன், சனி ஞாயிறும் டியூஷன். புலமைப்பரிசில் பரீட்சை எழுத உனக்கு விருப்பமா என்று யாராவது கேட்டோமா? எதிரணியில் அடுத்து வருபவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மாட்டைப் பற்றிப் பேசட்டும்.