நிஜ நியான் எது, எல்.ஈ.டி நியான் எது?

அடுத்த கேள்வி: "கடைக்கு நியான் போர்டு தேடினா எல்லாமே எல்.ஈ.டினு சொல்றாங்க. அப்போ நிஜ நியான் எது? அதுக்கு இன்னும் ஏன் இவ்வளவு மவுசு?"

இப்போ நியான்னு விக்கிறதுல பெரும்பாலானது சிலிக்கோன் உறைக்குள்ள இருக்கிற எல்.ஈ.டி பட்டைதான். 12 வோல்ட் அடாப்டர்ல எரியும். நியான் வாயு துளிகூட கிடையாது. போர்டை அணைச்சுட்டுப் பாருங்க. எல்.ஈ.டி பட்டை பெரும்பாலும் பால் வெள்ளையா, ரப்பர் மாதிரி இருக்கும். நிஜமான சிவப்பு நியான் வெறும் கண்ணாடிக் குழாய், பின்னாடி சுவர் தெரியும். எழுத்துக்கு நடுவுல கறுப்பு பெயின்ட் அடிச்ச துண்டு இருக்கும். ஏன்னா ஒரே குழாயை வளைச்சு வளைச்சு சொல் முழுசையும் எழுதியிருப்பாங்க, தெரியக் கூடாத இடத்தை மறைச்சிருப்பாங்க.

நியான் வாயுவை 1898ல லண்டன்ல ராம்சே, டிராவர்ஸ்னு ரெண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடிச்சாங்க. மின்சாரம் பாய்ச்சினா சிவப்பா ஒளிரும்னு அப்பவே தெரியும். ஆனா எலக்ட்ரோடு, அதாவது குழாய் முனையில மின்சாரம் உள்ளே போற உலோகத் துண்டு, சூடாகி உலோகம் தெறிக்கும், அது வாயுவைப் பிடிச்சுக்கும், குழாய் சீக்கிரம் செத்துடும். பிரான்ஸ்ல காத்தைத் திரவமாக்குற தொழில் பண்ணின ஜார்ஜ் கிளாடுக்கு நியான் உபரியா கிடைச்சது. அவர் எலக்ட்ரோடைப் பெரிசாக்கினார். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்துக்கு ஒன்றரை சதுர டெசிமீட்டருக்கு மேல பரப்பு வேணும், அவ்வளவுதான் சூட்சுமம். 1910 டிசம்பர்ல பாரிஸ் மோட்டார் கண்காட்சியில எரிச்சுக் காட்டினார். 1915ல அமெரிக்கக் காப்புரிமையும் வந்தது.

செய்யற விதம் இன்னைக்கும் பெரிசா மாறலை. எழுத்தைத் தலைகீழ் பிம்பமா வரைஞ்சு மேஜையில விரிப்பாங்க. குழாயோட ஒரு முனையில கார்க், மறு முனையில ரப்பர் குழல், அது வாயில இருக்கும். தீயில கண்ணாடி தொய்ஞ்சதும் எடுத்து, வரைபடத்து மேல வளைச்சு, மெல்ல ஊதணும். ஊதலைன்னா வளைவு சப்பிப் போயிடும். இறுகறதுக்குக் கிடைக்கிறது சில வினாடிதான்.

அதைவிட முக்கியமானது சுத்தம். காத்தை ஓரளவு உறிஞ்சிட்டு, பெரிய மின்னோட்டம் கொடுத்து குழாயை 200 டிகிரிக்கு மேல சூடாக்குவாங்க. குழாய் மேல வச்ச காகிதத் துண்டு பழுப்பாகும், எலக்ட்ரோடு செக்கச் சிவக்கும். கண்ணாடியில ஒட்டின ஈரமும் அழுக்கும் அப்பதான் கிளம்பும். முழுசா வெற்றிடமாக்கி, ஆறவச்சு, நியானை ரொம்பக் குறைஞ்ச அழுத்தத்துல விட்டு மூடுவாங்க. அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைஞ்சா முனைகள் கறுத்து ஆயுசு போகும். அழுக்கு மிஞ்சினா நிறம் மங்கும், மினுக்கும்.

நீலம் நியான் இல்லை. ஆர்கான்ங்கிற வேற வாயுவும் ஒரு சொட்டு பாதரசமும். பாதரச ஆவி விஷம், அதனால உடைஞ்சா ஜன்னலைத் திறந்துவிடுங்க, வேக்குவம் கிளீனர் போடாதீங்க. எந்த நிறமானாலும் டிரான்ஸ்பார்மர்ல ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், எரியும்போது முனைகளைத் தொடவே கூடாது.

மவுசுக்குக் காரணம் இதுதான்: எல்.ஈ.டில வெளிச்சம் பெரும்பாலும் உறையோட ஒரு பக்கம்தான் வரும். குழாய்ல வாயு முழுசும் ஒளிருது, சுவத்துலயும் சிவப்பு படியுது. பக்கவாட்டுல நின்னு பார்த்தாலும் எழுத்து மங்காது. விரிசல் விட்டாலும் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, புதுசு ஒட்டி, மறுபடி வாயு நிரப்பலாம். வாங்கறதுக்கு முன்னாடி அந்த வேலை செய்யறவங்க உங்க ஊர்ப்பக்கம் இருக்காங்களானு விசாரிச்சுக்கோங்க.