அட்ரசின் அடித்த காட்டில் உளுந்து எப்போது போடலாம்?

நேயர்களுக்கு வணக்கம். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கம் மக்காச்சோளம் அறுத்த காட்டில் உளுந்தோ தட்டைப்பயறோ போட நினைப்பவர்கள் கேட்பது இதுதான்: “அட்ரசின் அடிச்சு நாலு மாசமாச்சு, இப்போ பயறு போடலாமா?” அட்ரசின் மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லி; மண்ணில் மிச்சம் இருந்தால் அடுத்து வரும் பயறைக் கருக்கிவிடும். அந்த நாலு மாசத்தில் மண் எத்தனை நாள் ஈரமாக இருந்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மண்ணில் அட்ரசினை முறிப்பதில் பெரும்பங்கு நுண்ணுயிருக்கு. அந்த மூலக்கூறு ஒரு வளையம். அதில் ஒரு குளோரினும் இரண்டு பக்கக் கிளைகளும் ஒட்டியிருக்கும். சூடோமோனாஸ், ஆர்த்ரோபேக்டர் இனங்களில் சில பாக்டீரியாக்கள் முதலில் குளோரினைப் பிடுங்குகின்றன. களையைக் கொல்லும் குணம் அந்த ஒரு படியிலேயே போய்விடும். பிறகு கிளைகள் கழன்று சயனூரிக் அமிலமாகி, கடைசியில் அம்மோனியாவும் கரியமில வாயுவும்தான் மிச்சம். பாக்டீரியாவின் குறி அதிலுள்ள நைட்ரஜன். யூரியா தாராளமாகக் கிடக்கும் மண்ணில் சில இனங்கள் அட்ரசினைச் சீண்டுவதே இல்லை. தட்டில் சோறு இருக்கும்போது தேங்காயை யார் உடைப்பார்கள்?

கடையில் வாங்கும் சூடோமோனாஸ் பொடி இதற்கு உதவுமா என்றால், உதவாது. அது நோய் தடுக்கும் வேறு வகை. பெயர்தான் ஒன்று.

மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் நுண்ணுயிர் சுறுசுறுப்பாக இருக்கும். மழையில்லாமல் வறண்டு கிடந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மை கூடிய செம்மண்ணில் அட்ரசின் கூடுதல் நாள் தங்கும். ஏற்காட்டுக் குளிரிலும் எந்த மருந்தும் சிதைவது மெதுவாகத்தான்.

சந்தேகம் இருந்தால் தொட்டியில் சோதியுங்கள். மருந்து அடித்த காட்டில் பத்து இடத்தில் மேல் 10 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கலக்கி ஒரு தொட்டியில் நிரப்புங்கள். மருந்தே படாத வரப்பு மண் இன்னொன்றில். மூன்றாவதில் காட்டு மண்ணோடு ஒரு கைப்பிடி ஆக்டிவேட்டட் கரித்தூள். அது மருந்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் நீங்கள் போடப்போகும் பயறு 10 விதை. மூன்று வாரம் பொறுங்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். நாலாம் நாள் முளைத்ததும் “மண் சுத்தம்” என்று விதைக்கப் போய்விடுகிறார்கள். அட்ரசின் முளைப்பைத் தடுக்காது, ஒளிச்சேர்க்கையைத்தான் நிறுத்தும். வித்திலையில் இருக்கும் சத்து தீரும்வரை செடி பச்சையாகவே நிற்கும். அதன்பின் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகும். காட்டு மண்ணில் கருகி, கரித்தூள் தொட்டியில் செழித்தால் மருந்து மிச்சம் இருக்கிறது. இரண்டிலும் கருகினால் உப்பையோ வேர் அழுகலையோ தேடுங்கள்.

மிச்சம் இருந்தால் ஏக்கருக்கு 5 டன் நன்றாக மக்கிய தொழுவுரம் போட்டு, உழுது கலக்கி, ஈரம் காயாமல் ஒரு மாதம் வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அவசரமென்றால் பயறை விட்டுவிட்டுச் சோளம் போடுங்கள், அது தாங்கும்.

அடுத்த முறை அடிக்கும்போது, 50 சத அட்ரசின் தூள் ஏக்கருக்கு 200 கிராம் போதும். மக்காச்சோளம் விதைத்த 3 முதல் 5 நாளுக்குள், ஈர மண்ணில், விசிறி நாசில் வைத்து அடிக்க வேண்டும். பயறை ஊடுபயிராகப் போடுவதென்றால் அட்ரசின் வேண்டவே வேண்டாம். தெளிப்பான் திரும்பும் காட்டோரத்தில் விசையை விட்டுவிடுங்கள். விடாவிட்டால் அங்கே இரட்டை மருந்து விழும், சோதனை மண்ணையும் அங்கிருந்து தனியாக எடுக்க வேண்டியிருக்கும். வணக்கம்.