நித்திரை பாய் அறியாது
(நாமக்கல்லில் லாரி ஓட்டுநர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

கூட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் லாரி உரிமையாளர் சங்கப் பெருமக்களே, போக்குவரத்துத் துறை அதிகாரிகளே, பாடி கட்டும் பட்டறைத் தோழர்களே, லோடு இறக்கிய கையோடு வந்திருக்கும் ஓட்டுநர் தம்பிகளே, அவர்களுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்தே பழகிய தாய்மார்களே, வணக்கம். காலையிலிருந்து கண் பரிசோதனை முகாம் நடத்திய மருத்துவர்களுக்கும், வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பெரியவருக்கும் பலத்த கைதட்டல் கொடுங்கள்.

தூக்கம் கெட்டால் உடம்பு என்ன ஆகும், மனசு என்ன ஆகும், குடும்பம் என்ன ஆகும் என்று மூன்றையும் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உடம்பு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி இதயம் இளைப்பாறுகிறது. தூங்காதவனுக்கு அந்த இளைப்பாறல் இல்லை. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டுச் சோதித்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் நீரிழிவின் தொடக்கத்தில் இருப்பவர்களைப் போலக் குறைந்துவிட்டது. ஆறே இரவுகள்! நம் தம்பிகளுக்கு வருஷம் முழுக்க அதுதானே நிலைமை?

இன்னொன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மது இருப்பவனின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்குப் போடுகிறது. குடித்தவனை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். தூங்காதவனை எதை வைத்துப் பிடிப்பது?

பசி ருசி அறியாது, நித்திரை பாய் அறியாது என்றார்கள் நம் முன்னோர். பாய் மட்டுமா? அது ஸ்டீயரிங்கையும் அறியாது.

ராசிபுரம் பக்கத்து ஓட்டுநர் ஒருவர், எனக்கு மாமன் முறை. பாலக்காட்டுக்கு முட்டை லோடு. முந்தின லோடு இறக்கி வந்து, வீட்டில் குளித்துச் சாப்பிட்டதோடு சரி, உடனே கிளம்பிவிட்டார். கிளீனர் கிடையாது, கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பவானி தாண்டும்போதே கண் சொருகுகிறது. ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டினார். “இங்க போடக்கூடாது, எடு எடு” என்று விரட்டினார்கள். தள்ளிப் போய்ச் சாலையோரம் நிறுத்தினார். அங்கே டீசல் திருட்டுப் பயம். படுத்தாலும் காது டேங்க் மூடியிலேயே இருக்கிறது. பத்து நிமிஷத்தில் எழுந்தார், முகத்தில் தண்ணீரை அடித்தார், டீயைக் குடித்தார், எடுத்தார் வண்டியை. பிறகு என்னிடம் சொன்னார்: “மாப்ளே, அவிநாசி வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்தா வாளையார் செக்போஸ்ட் வரிசையில நிக்கிறேன். நடுவுல வண்டிய ஓட்டுனது யாருப்பா?”

யார் ஓட்டினார்கள்? சொல்லுங்கள்! 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடும். எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருந்தால்?

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தூங்கத்தான் பார்த்தார், நாம் இடம் கொடுக்கவில்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே ஒன்பது மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. அந்த ஒன்பது மணி நேரத்தை ஓட்டுநர் எங்கே படுத்துக் கழிப்பது? நித்திரை பாய் அறியாதுதான். அதற்காகப் பாயே போடாமல் விடலாமா?

மனசையும் குடும்பத்தையும் பற்றி அடுத்துப் பேசும் மருத்துவர் ஐயா விரிவாகச் சொல்வார். நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் பக்கத்தில் ஓட்டுநர் ஓய்வுக்கூடம் வேண்டும். கட்டில், கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், வண்டிக்கு விடிய விடியக் காவல். சுங்கம் வாங்குகிற இடத்தில் இதைச் செய்ய முடியாதா? உரிமையாளர் பெருமக்களே, அதிகாலை இரண்டு மணிக்கு மேல் “எங்கே வருகிறாய்” என்று போன் போடாதீர்கள். உடம்பு தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும் நேரம் அது.

மாவட்ட ஆட்சியருக்கான மனு மேடையோரம் இருக்கிறது. சங்கத் தலைவர் முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். அடுத்து ஓட்டுநர் தம்பிகள் வரிசையாக வாருங்கள்.