சொல்லித் தருபவருக்கு யார் சொல்லித் தருவது?

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்கல்வி என்று பேச்செடுத்தாலே இரண்டு புகார்கள் காதில் விழும். "வேலை தெரிந்த ஆளே கிடைப்பதில்லை" என்பார் தொழிற்சாலை நடத்துபவர். "சான்றிதழ் இருக்கிறது, வேலைதான் கிடைக்கவில்லை" என்பார்கள் படித்து முடித்த பிள்ளைகள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உடனே ஒரு கூட்டம் போடுவார்கள். பாடத்திட்டத்தை மாற்று, புது இயந்திரம் வாங்கு என்று இரண்டு தீர்மானம் போட்டுவிட்டுக் கலைவார்கள். பட்டறையில் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறாரே, பயிற்றுநர், அவரைப் பற்றி அங்கே பேச்சே வராது.

அவரைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். பயிற்றுநராக இருந்து, பிறகு பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கப் போனவன் நான். அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் மின்சாரக் கோளாறு. எலக்ட்ரீஷியன் வருகிறார், அங்கே இங்கே தொட்டுப் பார்க்கிறார், சரியான இடத்தில் கை வைத்துவிடுகிறார். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்தாலே தெரியும் சார்" என்பார். மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கே சொல்லத் தெரியாது. கை பழகப் பழக, வாய்க்கு அது மறந்துபோகிறது. இப்படிப்பட்ட கைகாரரை அப்படியே கொண்டுபோய்ப் பிள்ளைகள் முன்னால் நிறுத்திவிட்டு, "நல்ல அனுபவசாலியைப் போட்டிருக்கிறோம்" என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இரும்புப் பாகங்களை ராவிப் பொருத்தும் ஃபிட்டர் படிப்பில் முதல் வேலை, ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி மேல்பக்கத்தை அரத்தால் ராவிச் சமமாக்குவது. கேட்க எளிதாக இருக்கும். புதிதாக வந்த பையனோ பெண்ணோ ராவி முடித்ததும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நடுவில் ஒட்டி நிற்கும், இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். நடு மேடு, ஓரம் சரிவு. "நேராகப் பிடித்து ராவு" என்று பயிற்றுநர் அதட்டுவார். அந்தப் பிள்ளை நேராகப் பிடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்!

சிக்கல் எங்கே என்றால், அரம் முன்னே போகப் போக, அதன் நுனியைப் பிடித்த கை துண்டைவிட்டு விலகிக்கொண்டே போகிறது; கைப்பிடியைப் பிடித்த கை நெருங்கி வருகிறது. இரண்டு கையும் ஒரே அழுத்தம் கொடுத்தால் அரம் தராசு மாதிரி முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் சாயும். ஆகவே தொடங்கும்போது நுனிக் கையில் அழுத்தம் கூட இருக்க வேண்டும், நடுவில் இரண்டும் சமம், முடிக்கும்போது கைப்பிடிக் கையில் கூட. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். இதைச் சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் நாள்கணக்கில் இரும்பைத் தேய்த்துவிட்டு, "நமக்குக் கைவராது" என்று ஒதுங்கிப் போயிருப்பார்கள்! நல்ல ஃபிட்டர் எல்லாருடைய கையும் இதைச் செய்கிறது. எடுத்துச் சொல்பவர்தான் குறைவு.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் வானொலி நிலையத்தார் அழைத்ததும் ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் நடக்கிறது. அமெரிக்கா இன்னும் இறங்கவில்லை, ஆனால் அதன் தொழிற்சாலைகளில் ஆர்டர் குவிகிறது. வேலை தெரிந்தவர்கள் போதவில்லை. தொழிற்சாலைப் பக்கமே வராதவர்களை எல்லாம் எடுத்துப் பழக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. அப்போது ஒரு திட்டம் தொடங்கினார்கள், 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி', அதாவது தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி, என்று பெயர். தொழிலாளிக்குப் பாடம் நடத்த அவர்கள் போகவில்லை. தொழிலாளிக்கு வேலை காட்டுகிற மேஸ்திரியைப் பிடித்தார்கள். அவருக்குத் தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள், மொத்தமே பத்து மணி நேரம். தொழில் கற்றுக்கொடுக்கவில்லை, அது அவருக்கு நன்றாகவே தெரியும். எப்படிச் சொல்லித் தருவது என்பதை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் நாள் வகுப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். இரட்டை ஒயரில் போடுகிற ஒரு முடிச்சு உண்டு. தொங்கும் விளக்கை யாராவது பிடித்து இழுத்தாலும் திருகில் மாட்டிய கம்பி பிடுங்கிக்கொள்ளாமல், பாரத்தை அந்த முடிச்சு தாங்கும். நடத்துபவர் ஒரு மேஸ்திரியை முன்னால் அழைத்து, முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் விளக்குவார். இடது ஒயரை வலது பக்கம் வளைத்து, வலது ஒயரை அதற்குப் பின்னால் கொண்டுவந்து என்று விலாவாரியாக, ஒரு பிழையும் இல்லாமல். "இப்போது போடுங்கள்." வராது. இன்னொருவரை அழைப்பார். இந்தத் தடவை பேச்சே இல்லை, கையால் போட்டுக் காட்டுவார். "போடுங்கள்." அவருக்கும் வராது. எதிரே நின்று பார்த்தவருக்கு இடம் வலமாகத் தெரிந்திருக்கும், எந்த ஒயர் எதன் மேல் போனது என்று கண்ணில் பிடிபட்டிருக்காது.

பாருங்கள், நான் இப்போது வானொலியில் செய்துகொண்டிருப்பதும் அந்த முதல் தவறுதான். என் விளக்கத்தைக் கேட்டு உங்களில் ஒருவராலும் அந்த முடிச்சைப் போட முடியாது!

மூன்றாவதாக ஒருவரை அழைப்பார். இவரைப் பக்கத்திலேயே, தான் பார்க்கும் பக்கமாகவே நிறுத்திக்கொள்வார். இதற்கு முன் இந்த வேலையைச் செய்ததுண்டா என்று விசாரிப்பார். பிறகு ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டிக்கொண்டே சொல்வார், எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று. அடுத்து அவரைச் செய்யச் சொல்வார். செய்துவிட்டால் போதாது, ஒவ்வொரு படிக்கும் காரணத்தை அவரே சொல்ல வேண்டும். கடைசியாகத் தனியாக வேலைசெய்ய விட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று காட்டிவிட்டு, நடுநடுவே வந்து பார்ப்பார். இந்த நான்கு படி முறை முற்றிலும் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் தயார்செய்த சார்லஸ் ஆலன் என்பவர் வகுத்த முறையிலிருந்து வந்தது. 1945க்குள் இந்தத் திட்டத்தின் பயிற்சிகளை முடித்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். போருக்குப் பிறகு ஜப்பான் இதை எடுத்துக்கொண்டது. டொயோட்டா கம்பெனி இதை வைத்துத்தான் ஆள் பழக்கியது.

அந்த அமெரிக்கத் திட்டத்தில் மேஸ்திரிக்குக் கொடுத்த கையட்டையில் ஒரு வரி இருந்தது: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால், சொல்லித் தருபவர் சொல்லித் தரவில்லை. எத்தனை பயிற்சி நிலையங்களில் இதைச் சுவரில் எழுதச் சம்மதிப்பார்கள் என்று தெரியவில்லை.

மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன், பயிற்றுநர். கணினிக் கட்டளைப்படி தானே இரும்பை வெட்டும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றைப் புதிதாக வாங்கி, திறப்பு விழா நடத்தி, பிறகு உறைபோட்டு மூடி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழுதா என்று கேட்டால் இல்லை. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. பயிற்றுநர் தொழிற்சாலையை விட்டு வந்த காலத்தில் அந்த இயந்திரமே கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவரைச் சில மாதம், சம்பளத்தோடு, தொழிற்சாலைக்கே வேலைக்கு அனுப்பினால் என்ன? பார்வையாளராக இல்லை, ஷிஃப்டில் நிற்கிற ஆளாக. அதே சமயம், புதிது வந்துவிட்டது, அரமும் ராவுதலும் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த இயந்திரத்தில் வெட்டுகிற டூல் தேய்ந்தால் வெட்டும் சத்தம் மாறும், உதிரும் இரும்புச் சுருளின் நிறம் மாறும். கையால் இரும்பை அறிந்தவருக்குத்தான் அது சட்டென்று உறைக்கும்.

ஜெர்மனியில் தொழில் பழகும் பிள்ளைகள் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாள் நிறுவனத்திலும் இருப்பது பலருக்குத் தெரியும். தெரியாதது, நிறுவனத்தில் பழக்குபவர் தனக்குக் கற்பிக்கத் தெரியும் என்று ஒரு தேர்வில் தேற வேண்டும் என்பது. பயிற்சி இடங்கள் கூட வேண்டும் என்பதற்காக 2003இல் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். 2009இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இறுதித் தேர்வுக் குழுவிலும் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு, ஆசிரியர் மூவரும் உட்காருகிறார்கள். அதனால்தான் அந்தச் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள். தாளில் எழுதி மதிப்பெண் வாங்கி, கருவியைத் தொடாமலே தேறிவிட முடிகிற சான்றிதழை யார் நம்புவார்கள்?

தொழிற்சாலைக்காரர்களிடமும் ஒரு கேள்வி. ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள், எந்தச் சம்பளத்துக்கு? நாங்கள் பழக்கினால் பக்கத்துக் கம்பெனிக்காரர் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார் என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. பழக்குகிறவருக்கும் பழக்காமல் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் செலவு ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் சில நாடுகள் எல்லாரிடமும் பயிற்சி வரி வாங்குகின்றன. பிரிட்டனில் 2017 முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அந்த மிகுதியில் 0.5 சதவீதம் கட்ட வேண்டும். அதிலும் குறை உண்டு: புதிய பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம், ஏற்கெனவே நல்ல பதவியில் இருப்பவர்களின் படிப்புக்குப் போகிறது என்று... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல்காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம்.

வேலையில் இருக்கும் நடுவயதுக்காரர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன். இருபது வருடம் வெல்டிங் செய்தவரை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரவைத்து வெல்டிங் என்றால் என்ன என்று தொடங்காதீர்கள். முதலில் தேர்வு வையுங்கள், தெரிந்ததற்குச் சான்றிதழ் கொடுங்கள், தெரியாததை மட்டும் கற்பியுங்கள். பயிற்சி நாளுக்குக் கூலி கொடுங்கள். இல்லாவிட்டால் குடும்பம் உள்ளவர் வரமாட்டார். குழந்தையை விட்டுவர இடம் இல்லாவிட்டால் பெண்களும் வரமாட்டார்கள், அவர்களுக்கு ஆர்வமில்லை என்று கணக்கெழுதிவிடுவார்கள். மேஸ்திரிகளுக்கான பத்து மணி நேர வகுப்பை ஒரு நிறுவனம் இன்றைக்கு எப்படித் தொடங்கலாம் என்பதையும் எழுதி எடுத்து வந்திருக்கிறேன், அதைப் படிக்க இனி நேரமில்லை. அந்தத் தாளை நிலையத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வணக்கம்.