பழவேற்காட்டுச் சேறு ஏன் கறுத்திருக்கிறது?

[காட்சி: காலை. ஆந்திரப் பக்கம், தடாவை அடுத்த ஏரிக்கரை. சேற்றில் புதைந்த கால் மேலே வருகிறது.]

வணக்கம். இந்தக் குழியைப் பாருங்கள். சேற்றின் மேல்தோல் காவி நிறம். குதிகால் இறங்கிய இடம் மைக்கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். "சேறு நாறினால் இறால் அங்கே தங்காது, தம்பி" என்கிறார் படகுக்காரர் அண்ணன். அவர் சொல்வதும் வேதியியல்தான்.

[காட்சி: கண்ணாடிக் குடுவையில் சேறு. காவிக்கும் கறுப்புக்கும் நடுவே விரல்.]

காவி முடியும் இடத்தில் ஆக்ஸிஜனும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நீரிலிருந்து இறங்கும் ஆக்ஸிஜனை நுண்ணுயிர்கள் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்த்துவிடுகின்றன. அதற்கு மேலே இரும்பு துருவாக இருக்கிறது, நீரில் கரையாது. ஆர்சனிக், பாஸ்பேட், காரீயம் எல்லாவற்றையும் தன்மீது ஒட்டவைத்துக்கொள்ளும். கீழே உள்ள நுண்ணுயிர்களுக்கு ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. அவை நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசு ஆக்சைடை, பிறகு அந்தத் துருவையே சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது, ஒட்டியிருந்தவையும் விடுபடுகின்றன.

நன்னீர் ஏரியாக இருந்தால் கதை பெரும்பாலும் இங்கேயே முடியும்: அடிநீரில் இரும்பும் மாங்கனீசும் ஏறும். பழவேற்காடு உவர்நீர். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கொண்டுவருகிறது. துருவுக்கு அடுத்து நுண்ணுயிர்கள் அதைப் பிடிக்கின்றன, சல்பைடு பிறக்கிறது. நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்தால் இந்தக் கறுப்பு. செம்பு, துத்தநாகம், காட்மியம், காரீயம் ஆகியவற்றைச் சல்பைடு, இரும்பைப் பிடிப்பதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் இல்லாத இந்தச் சேறுதான் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது! எனக்கு இதைவிட வியப்பான செய்தி இந்த ஏரியில் வேறில்லை. பாதரசத்துக்கு மட்டும் இந்தப் பூட்டை நம்ப முடியாது. சல்பேட்டைப் பயன்படுத்தும் அதே நுண்ணுயிர்களில் சில அதை மெத்தில் பாதரசமாக்கி, மீன்வழியே ஏறும் நஞ்சாக மாற்றுகின்றன.

[காட்சி: கரையில் கொட்டிய கறுஞ்சேறு, வெயிலில் பழுப்பாகிறது.]

தூர் வாரும்போது பூட்டு திறக்கிறது. காற்றுப் பட்டதும் சல்பைடு சிதைகிறது. கரைந்திருந்த இரும்பு இந்த உவர்நீரில் சில நிமிடங்களில் மீண்டும் துருவாகி, காரீயத்தையும் ஆர்சனிக்கையும் ஓரளவு பிடித்துவிடும். காட்மியம் அப்படி எளிதில் சிக்காது. உப்பிலுள்ள குளோரைடு அதைக் கரைசலிலேயே நிறுத்திவைக்கும். கலங்கிய சேறு நீரின் ஆக்ஸிஜனையும் விழுங்குவதால் மீன்கள் திணறும். முகத்துவாரத்தில் அள்ளுவது பெரும்பாலும் மணல். அங்கே இந்த அச்சம் குறைவு. ஏரிக்குள் படகு வழிக்காகத் தோண்டும் கறுஞ்சேற்றைக் கரையில் குவித்து, மழை அதைக் கரைத்து மீண்டும் ஏரிக்கே கொண்டுவர விடக்கூடாது.

சோதனைக்குச் சேறு எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெயிலில் காயவைத்த சேற்றில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். ஏரியடியில் அது எந்த வடிவில் இருந்தது என்று தெரியாது. குடுவையை விளிம்புவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, குளிரில் வையுங்கள்.

[காட்சி: கத்தியால் வெட்டிய சேற்றுக்கட்டி.]

கடைசியாக இது. கறுப்புக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஒரு காவி வளையம் தெரிகிறதா? அது நண்டு வளையின் சுவர். நண்டு உள்ளே நீரை ஓட்டுகிறது. அந்த நீரோடு ஆக்ஸிஜன் இறங்கிய ஆழம்வரை துரு படிந்திருக்கிறது.