எண்ணெய் குடிக்கும் பிரோசா

நேயர்களுக்கு வணக்கம். நகைக்கடைகளில் பிரோசா என்றும் டர்க்காய்ஸ் என்றும் கேட்கப்படும் நீலக் கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வைரத்தைப் போல் மின்னாத இதற்கு நிறம் ஒன்றே முதல்; அந்த நிறமும் நிலைப்பதில்லை என்பதால்தான் எனக்கு இதன்மேல் பிரியம்.

இந்தக் கல்லுக்கு நீலம் தருவது செம்பு. இரும்பு சேர்ந்தால் பச்சை ஓடும். நுண்துளைகள் கொண்டதாகையால் எண்ணெய், வியர்வை, அத்தர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். பல்லாண்டுகள் தேங்காயெண்ணெய்க் கையோடு கிடந்த என் மோதிரக் கல் பாசிப்பச்சையாகிவிட்டது. ஆசாரி அதைக் கழற்றியபோது, வெள்ளிக் கட்டுக்குள் மறைந்திருந்த விளிம்பு மட்டும் வாங்கிய நாளின் நீலத்தில் இருந்தது.

ஆனால் எகிப்தில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளைக் கடந்து வந்த பிரோசா வளையல்கள் உண்டு. அபிடோஸில், முதல் வமிசத்து மன்னர் ஜெரின் கல்லறையில், 1901இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் ஆட்கள் துணி சுற்றிய ஒரு கையைக் கண்டெடுத்தார்கள். ஆம், கைதான், பழங்காலத் திருடன் எவனோ பிய்த்தெடுத்துச் சுவர்ப் பொந்தில் செருகிவிட்டு, திரும்பி வராமலே போன கை. துணியைப் பிரித்தால் நான்கு வளையல்கள். அவற்றுள் ஒன்றில் பொன் தகடும் பிரோசாத் தகடும் மாறி மாறிக் கோக்கப்பட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பருந்து அமர்ந்திருந்தது. பெட்ரி, வேலையாட்களின் கண்ணெதிரே, பொன்னைச் சவரன் காசுகளுக்கு எதிரே தராசில் நிறுத்தார். வளையல்கள் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கிருந்த அதிகாரி கையையும் துணியையும் வீசியெறிந்துவிட்டார். யாருடைய கை என்று இனி எவரும் ஆராய முடியாது. நகையைப் பார்த்தவர் அணிந்தவரைப் பார்க்கவில்லையே என்று இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

எகிப்தியர் இக்கல்லைச் சினாய்த் தீபகற்பத்தில் வெட்டியெடுத்தார்கள். அங்கே செராபித் எல் காதிமில் கோயில் கொண்ட ஹாதோர் தெய்வத்துக்குப் பிரோசாவின் தலைவி என்றே பெயர். ஈரானின் நிஷாப்பூர்ச் சுரங்கமும் பெயர்பெற்றது. பிரோசா என்பதும் பாரசீகச் சொல்லே. துருக்கி வழியாக வந்ததால் ஐரோப்பியர் அதைத் துருக்கிக் கல் என்றனர்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். அமெரிக்காவின் நவஹோ மக்கள் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளி வேலை கற்று இக்கல்லைப் பதித்த கதைக்குத் தனி உரை வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஹௌலைட் என்னும் வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றிப் பிரோசா என்று விற்பதுண்டு, விசாரித்து வாங்குங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். வணக்கம்.